தாய்மாமன் சீராக ஒரு வேலை

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒரு செருப்புக் கடையின் மாடியில், ராசாங்கம் அண்ணனின் பிரவுசிங் சென்டரில் நான் வேலை பார்த்தேன். ஆறு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின், இரண்டு ஃபேன். பி.எஸ்சி. கெமிஸ்ட்ரியில் முதல் வகுப்பு வாங்கியவளுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்காதீர்கள். பிளஸ் டூ ரிசல்ட் பார்த்துச் சொல்வேன். சாதிச் சான்றிதழை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுப்பேன். துபாயில் இருக்கும் புருஷனுக்கு மெயில் போட வரும் பெண்கள் சொல்லச் சொல்ல அடித்துக் கொடுப்பேன். கேட்டதை அங்கேயே மறந்துவிடுவேன், அது ராசாங்கம் அண்ணன் போட்ட கண்டிஷன்.

அதற்கு முன்னால் அரியலூர்ப் பக்கம் ஒரு சிமென்ட் ஆலையின் லேபில் ஒரு வருடம் அப்ரண்டிஸாக இருந்தேன். என்னோடு சேர்ந்த பையன்கள் நாலு பேரையும் வருடம் முடிந்ததும் காண்ட்ராக்டில் ஷிப்டுக்கு எடுத்துக்கொண்டார்கள். எனக்கு மட்டும் ஒரு சான்றிதழைக் கொடுத்து, "நல்லா இரும்மா" என்று அனுப்பி வைத்தார்கள். அந்த நாலு பேரில் இரண்டு பேருக்கு பிப்பெட் பிடிக்கக் கற்றுக்கொடுத்ததே நான்தான். வயிறு எரிந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

இரண்டு வருடம் பேப்பரில் வேலை விளம்பரம் தேடினேன். ஞாயிற்றுக்கிழமைப் பேப்பர் முழுக்க ஏதேதோ வேலை வரும். சிமென்ட் ஆலை லேபுக்கு ஆள் தேவை என்று ஒரு நாளும் வந்ததில்லை. ஆனால் ஆலைகளில் ஆள் போவதும் வருவதும் நடந்துகொண்டேதான் இருந்தது. ஒருத்தர் எழுந்து போவார். நாற்காலியின் சூடு ஆறுவதற்குள் இன்னொருத்தரின் மச்சினன் வந்து உட்கார்ந்திருப்பான். எனக்கு அப்படி ஆலையில் மச்சான் யாரும் பெரிய இடத்தில் இல்லை. அத்தை மகன் ஜெயசீலன் இருந்தான்தான். அவனே மூன்று வருடமாகக் காண்ட்ராக்டில் சாம்பிள் எடுத்துக்கொண்டிருந்தான்.

மத்தியான வேளையில் சென்டரில் ஈ ஓட்டுவோம். அப்படி ஒரு மத்தியானம் எதையோ தேடப்போய் யாஹூவில் ஒரு குரூப் கண்ணில் பட்டது. சிமென்ட் கெமிஸ்ட்டுகளுக்கான குரூப். இந்தியாவில் எங்கெங்கோ இருந்து அறுநூறு பேருக்கு மேல் இருந்தார்கள். ஒருவர் தன் லேபில் உள்ள பிரச்சினையை எழுதுவார், தெரிந்தவர்கள் பதில் போடுவார்கள். நானும் பேரைக் கொடுத்துச் சேர்ந்துவிட்டு இரண்டு மாதம் வாயைத் திறக்காமல் படித்தேன். படித்ததில் ஒன்று புரிந்தது. "தயவுசெய்து எனக்கு ஒரு வேலை கொடுங்கள்" என்று மொட்டையாகக் கேட்டவனை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. யாருடைய பிரச்சினையையாவது தீர்த்து வைத்தவனிடம், "நீங்க எங்க இருக்கீங்க, என்ன பண்றீங்க" என்று அவர்களே கேட்டார்கள்.

2005 ஐப்பசியில் கர்நூல் பக்கத்து ஆலை ஒன்றின் லேப் தலைவர், ராவ் என்று பெயர், ஒரு கேள்வி போட்டார். மழைக்காலம் வந்தால் அவர்களுடைய கிளிங்கரில், அதாவது சூளையில் வெந்து வரும் சிமென்ட் கட்டியில், வேகாத சுண்ணாம்பு கூடுதலாகக் காட்டுகிறதாம். உடனே சூளையில் நிலக்கரியைக் கூட்டி எரிக்கிறார்களாம். எவ்வளவு எரித்தாலும் குறையவில்லையாம். பெரிய பெரிய ஆட்கள் எல்லாம் சூளையைப் பற்றி முழ நீளத்துக்கு எழுதினார்கள். எனக்குச் சூளையைப் பற்றி அவ்வளவு தெரியாது. ஆனால் அப்ரண்டிஸாக இருந்தபோது ஜன்னல் ஓரத்தில், சுண்ணாம்பைச் சோதிக்கும் கிளைக்கால் திரவப் பாட்டிலை மூடாமல் வைத்துவிட்டு ஒருநாள் திட்டு வாங்கியிருக்கிறேன். அந்தத் திரவம் காற்றில் இருக்கும் ஈரத்தைக் குடித்துவிடும். அதை வைத்துச் சோதித்தால் சுண்ணாம்பு இருப்பதைவிடக் கூடுதலாகக் காட்டும். "ஒரே சாம்பிளைப் பழைய பாட்டிலிலும் புதிதாக உடைத்த பாட்டிலிலும் செய்து பாருங்கள்" என்று மூன்று வரி எழுதிப் போட்டேன்.

நாலாம் நாள் பதில் வந்தது. இரண்டு வருடமாக மழைக்காலத்தில் வீணாக நிலக்கரியை எரித்திருக்கிறார்கள், சூளையில் எந்தக் கோளாறும் இல்லை. "மிகவும் நன்றி, மிஸ்டர் உண்ணாமலை" என்று எழுதியிருந்தார்.

உண்ணாமலை என்பது பெண் பெயர் என்று கர்நூல்காரருக்கு எப்படித் தெரியும்? திருத்தலாம் என்று கீபோர்டில் விரலை வைத்தேன், எடுத்துவிட்டேன். அரியலூர் ஆலையில் ஒரு வருடம் "அந்தப் பொண்ணு" என்று அழைக்கப்பட்டவளுக்கு மிஸ்டர் கொஞ்சம் இனித்தது. அதன் பிறகு ஐந்து மாதத்தில் நாற்பது மெயிலாவது எழுதியிருப்பேன், குரூப்பிலும், ராவ் சாருக்குத் தனியாகவும். எல்லாவற்றிலும் நான் மிஸ்டர்தான்.

மாசி மாதம் அவரிடமிருந்து அந்த மெயில் வந்தது. தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: "எங்கள் லேபிலிருந்து ஒரு கெமிஸ்ட் இந்த மாதக் கடைசியில் போகிறார். விளம்பரம் போடப்போவதில்லை. நான் கைகாட்டும் ஆளை எடுப்பார்கள். நான் உங்களைக் காட்ட நினைக்கிறேன். இருபதாம் தேதி மாலை ஐந்து மணிக்குள் பயோடேட்டாவை அனுப்புங்கள்."

நாலு தடவை படித்தேன். சந்தோஷத்தில் ஒரு கிழவருக்கு இருபது ரூபாய்க்கு எடுக்க வேண்டிய ஜெராக்ஸை நாற்பது ரூபாய்க்கு எடுத்துவிட்டேன். ராசாங்கம் அண்ணன் முறைத்தார். அன்று பஸ் ஸ்டாண்டில் கால் கிலோ அல்வா வாங்கிக்கொண்டு செட்டிகுளம் பஸ் ஏறினேன்.

அப்போதே அனுப்பியிருக்கலாமே என்று இன்றைக்கு யாரும் சொல்லலாம். அறுநூறு கிலோமீட்டர் தள்ளிப் போகிற விஷயம், வீட்டில் சொல்லாமல் எப்படி அனுப்புவது? அப்பா ஒப்புக்கொண்ட பிறகு, "செல்வி உண்ணாமலை" என்று பயோடேட்டாவில் தைரியமாகப் போட்டு அனுப்ப நினைத்தேன். அதைப் பார்த்து ராவ் சார் பின்வாங்கிவிடுவாரோ என்ற பயமும் இருந்தது.

என் அப்பா அழகேசன் செட்டிகுளத்தில் ஒன்றரை ஏக்கரில் சின்ன வெங்காயம் போடுகிறவர். மெயிலை அவருக்கு வரி வரியாகத் தமிழில் சொன்னேன், ஆலையின் பெயர், ஊர், அந்த மிஸ்டர் எல்லாம் விடாமல். அம்மா செல்வம்மாள் அல்வாவைப் பிட்டு வாயில் போட்டபடி, "ஆந்திராவுலயும் அரிசிச் சோறுதானே திங்கிறாங்க?" என்று கேட்டாள். அவளுக்கு இருந்த கவலை அது ஒன்றுதான். அப்பா அல்வாவைத் தொடவில்லை.

"வயசுப் பொண்ண அவ்வளவு தூரம் எப்படிம்மா அனுப்புறது?"

"ரயில்லதான்ப்பா."

"கிண்டலா? யோசிப்போம், இரு" என்றார். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு அரியலூருக்குத் தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டார். எங்கள் வீட்டில் ஒரு ஆட்டை விற்பதாக இருந்தாலும் மலர்கொடி அத்தையைக் கேட்காமல் விற்க மாட்டார்கள்.

திரும்பி வரும்போது தனியாக வரவில்லை. அத்தையும் வந்தாள், தட்டில் வாழைப்பழம், வெற்றிலை பாக்கு, பூவோடு. பின்னால் ஜெயசீலன், தலையைக் குனிந்தபடி. தட்டைப் பார்த்ததுமே எனக்குப் பகீர் என்றது. கல்யாணப் பேச்சு என்று நினைத்தேன். கல்யாணமும் இருந்தது, ஆனால் அது இரண்டாவதாகத்தான் வந்தது.

அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார். "உண்ணாமல, நல்லா கேட்டுக்க. அந்த சாரு ஒன்ன ஆம்பளன்னு நெனச்சுக்கிட்டுத்தானே கூப்புட்டுருக்காரு? நீ போயி நின்னா என்ன சொல்வாரு? திரும்பிப் போம்மான்னுவாரு. நம்ம ஜெயசீலனும் நீ படிச்ச படிப்புதான் படிச்சிருக்கான். அதே லேபு வேலதான் பாக்குறான். அந்த எடத்துக்கு அவன் போவட்டும்."

நான் தட்டையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"அவனுக்குத் தாய்மாமன் நான்" என்று அப்பா தொடர்ந்தார். குரல் இறங்கியிருந்தது. "அவன் காது குத்துக்கு மோதிரம் போட என்னால முடியல. வெங்காயம் அந்த வருசம் அழுவிப் போச்சு. காலேசுல சேக்குறப்பவும் வெறுங்கையோடதான் போயி நின்னேன். மலரு ஒரு வார்த்த கேட்டதில்ல. இத்தன வருசத்துக்கும் சேத்து இந்த வேலைய அவனுக்குச் சீரா செஞ்சுடுறேன்னு சொல்லிட்டேன்."

சீர்! தாய்மாமன் சீர் என்றால் மோதிரம் போடுவார்கள், வேட்டி எடுப்பார்கள், வசதி உள்ளவர்கள் பைக் வாங்கித் தருவார்கள். மகளுக்கு வந்த வேலையைத் தட்டில் வைத்துக் கொடுத்த மாமனை நான் அதுவரை கேள்விப்பட்டதில்லை.

"கடைத் தேங்காய எடுத்து வழிப் புள்ளையாருக்கு ஒடைக்கிறீங்களேப்பா! அது உங்க தேங்காயா?" என்றேன்.

அப்பாவுக்கு நிஜமாகவே புரியவில்லை. கோபப்பட்டிருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "நீ யாரு, நான் யாரும்மா? ஒன்னோடதுன்னா அது என்னோடதும்தானே?" என்று ஆச்சரியமாகக் கேட்டார்.

அத்தை என் தலையைத் தடவினாள். "கோச்சுக்காத கண்ணு. பொண்ணும் வேலையும் ஒரே வூட்டுக்குத்தான் வரப்போவுது. வைகாசியில முடிச்சிட்டா நீயும் அங்கதான் போயி இருக்கப்போற. எடது கையில இருந்தது வலது கைக்குப் போவுது, அவ்வளவுதான்."

"நீ என்ன மச்சான் சொல்ற?" என்று ஜெயசீலனைக் கேட்டேன்.

அவன் மாட்டுக் கொட்டகையைப் பார்த்தான். "எனக்கும் வர்ற மாசத்தோட காண்ட்ராக்ட் முடியுது, உண்ணாமல" என்றான். அதுவும் பொய் இல்லை. அவனை வெறுக்கவும் என்னால் முடியவில்லை.

அவனுடைய பயோடேட்டாவை நான் அடித்து அனுப்ப வேண்டும் என்றார்கள். முடியாது என்றேன். தலை கீழாக நின்றாலும் முடியாது என்றேன். அம்மா மட்டும் அடுப்படியிலிருந்து, "அவ தேடிக்கிட்டத அவகிட்ட விடுங்களேன்" என்று ஒரு குரல் கொடுத்தாள். யாரும் காதில் வாங்கவில்லை.

"நீ அடிக்க வேணாம்" என்று அப்பா எழுந்தார். "மின்ன பின்ன தெரியாத மனுசன்கிட்ட வேல கேக்க லெட்டரா போடுவாங்க? நேர்ல போனாத்தான் மரியாத. நானே மாப்ளய கூட்டிட்டுப் போறேன்."

பத்தொன்பதாம் தேதி அரியலூரில் ரயில் ஏறினார்கள். வெறுங்கையோடு போகக் கூடாது என்று ஒரு பையில் பத்துக் கிலோ சின்ன வெங்காயம். அத்தை தன் பங்குக்கு ஆண்டிமடத்திலிருந்து இரண்டு கிலோ முந்திரிப் பருப்பு வாங்கிக் கொடுத்தாளாம். எனக்கு அது எரிகிற நெருப்பில் எண்ணெய்.

இருபதாம் தேதி நான் சென்டரில் உட்கார்ந்திருந்தேன். என் பயோடேட்டா தயாராக இருந்தது. ராவ் சாருக்கு மெயிலும் அடித்து வைத்திருந்தேன், நான் பெண் என்பதையும் எழுதி. அனுப்புவதற்கு ஒரு கிளிக்தான் பாக்கி. ஆனால் அனுப்பவில்லை. வீம்பு. போகட்டும், அவர்கள் போய் அங்கே நிற்கட்டும், "நீ யாரப்பா" என்று அவர் கேட்கட்டும், மூக்கு உடைந்து திரும்பி வரட்டும், அதற்குப் பிறகு அப்பாவே வந்து "அனுப்பும்மா" என்று சொல்லட்டும் என்று கறுவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூன்று மணி ஆனது. நாலு ஆனது. ராசாங்கம் அண்ணன் என் பின்னால் வந்து நின்று ஸ்கிரீனைப் பார்த்தார்.

"அனுப்பிட வேண்டியதுதானே பாப்பா?"

"அவங்க வரட்டும்ணே."

"அஞ்சு மணின்னு போட்டிருக்காரே."

"ஒரு நாள் முன்ன பின்ன ஆனா என்ன? அஞ்சு மாசமா பழகுறாரு" என்றேன். ஐந்து மணிக்கு மெயிலை மூடிவிட்டு, ஒரு பையனுக்கு ஹால் டிக்கெட் எடுத்துக் கொடுக்கப் போய்விட்டேன். எனக்குள்ள ரோஷத்தில் பாதி அறிவு இருந்திருந்தால் அன்றைக்கு அதைச் செய்திருக்க மாட்டேன்.

இருபத்துமூன்றாம் தேதி மத்தியானம் படியில் கனமான காலடிச் சத்தம் கேட்டது. அப்பா. அந்த மாடிக்கு அவர் அதற்கு முன் ஒரு தடவைகூட ஏறியதில்லை. வேட்டி கசங்கியிருந்தது. வெங்காயப் பை அப்படியே கையில் இருந்தது. பின்னால் ஜெயசீலன். வீட்டுக்குக்கூடப் போகாமல் பஸ்ஸை விட்டு இறங்கி நேராக இங்கே வந்திருக்கிறார்கள். செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு உள்ளே வந்த அப்பா, நான் உட்கார்ந்திருந்த நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றார்.

"என்னாச்சு?" என்று ஜெயசீலனைக் கேட்டேன்.

"மெட்ராசுல ரயில விட்டுட்டோம். இருபத்தொண்ணாந் தேதி மத்தியானந்தான் போயிச் சேந்தோம்" என்றான். "கேட்டுல ராவ் சார் பேரச் சொன்னதும் உள்ள விட்டாங்க. நல்ல மனுசன். மெட்ராசுல படிச்சவராம், தமிழ் பேசுறாரு. ‘நீங்கதான் உண்ணாமலையா, நேர்லயே வந்துட்டீங்களா’ன்னு எழுந்து வந்து எனக்குக் கை குடுத்தாரு. மாமா என்னப் பாத்தாரு. நான் மாமாவப் பாத்தேன். என்னால ஆமான்னு சொல்ல முடியல, உண்ணாமல. ‘அது எங்க மாமா பொண்ணு சார்’னு சொல்லிட்டேன்."

"அதுக்கு?"

"பொண்ணான்னு ரெண்டு வாட்டி கேட்டாரு. அப்பறம் சிரிச்சாரு."

அப்பா குறுக்கிட்டார். "அப்பறம் ஒரு ஃபைல எடுத்தாரும்மா."

நான் அவரை நிமிர்ந்து பார்த்தேன்.

"செகப்பு அட்ட போட்ட ஃபைலு. நீ எழுதுனத பூரா தாளுல எடுத்து, ஓட்ட போட்டு, கோத்து வெச்சிருக்காரு. புதுசா வேலைக்குச் சேர்ற புள்ளைங்கள மொதல்ல அதத்தான் படிக்கச் சொல்வாராம். ஒவ்வொரு தாளாத் திருப்பிக் காமிச்சாரு. எனக்கு என்ன தெரியும்? எல்லாத் தாளுலயும் கீழ ஒரே மாதிரி எழுத்து இருந்துச்சு. இதான் ஒங்க பொண்ணு பேருன்னு வெரல வெச்சாரு." அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நம்ம பட்டாவுல பேர மாத்த ஏழு வருசமா தாலுக்கா ஆபீசுக்கு நடக்குறேன். ஒரு ஃபைல்ல எம் பேரு ஏறல. நீ அந்த ஊரு எல்லையக்கூட மிதிச்சதில்ல. ஒம் பேரு நாப்பது தாளுல இருக்கும்மா."

எனக்குக் கண் கலங்கியது. ஆனாலும் கேட்க வேண்டியதைக் கேட்டேன். "வேலை என்னாச்சுப்பா?"

ஜெயசீலன்தான் சொன்னான். "இருபதாந் தேதி அஞ்சு மணி வரைக்கும் ஒன் மெயிலுக்காகக் காத்துக்கிட்டு இருந்தாராம். வரல. ஒனக்கு இஷ்டம் இல்ல போலன்னு நெனச்சுக்கிட்டு, மறுநாள் காலையில வேற ஒருத்தர் பேரக் குடுத்துட்டாராம். நாங்க போறதுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடி."

"பொண்ணுன்னு தெரிஞ்சிருந்தா எப்படியும் எடுத்திருக்க மாட்டாரு, இல்ல?" என்றேன். அவன் ஆமாம் என்று சொல்லிவிட வேண்டும் என்று தவித்தேன். சொல்லியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும்.

"நானும் அதத்தான் கேட்டேன்." ஜெயசீலன் கீழே பார்த்தான். "அந்த லேபுல ஏற்கெனவே ரெண்டு லேடீஸ் இருக்காங்களாம். ஒன்ன மூணாவதா சேத்துருப்பேன்னாரு."

நான் மேஜையில் தலையைக் கவிழ்த்து அழுதேன். வாடிக்கையாளர்கள் இருந்தார்கள், ராசாங்கம் அண்ணன் இருந்தார், எதுவும் தோன்றவில்லை. அப்பாவின் மேல் எவ்வளவு ஆத்திரமோ அவ்வளவு என் மேலும் இருந்தது. கைக்கு எட்டியதை வீம்பு பிடித்து நானும்தான் தட்டிவிட்டிருந்தேன். அப்பா என்னைத் தொடவும் இல்லை, அழாதே என்று சொல்லவும் இல்லை. நான் ஓய்கிற வரைக்கும் பையைக் கையில் பிடித்தபடி நின்றுகொண்டே இருந்தார்.

பிறகு கம்ப்யூட்டரைக் காட்டிக் கேட்டார். "நீ எழுதுற அந்தக் கூட்டம் இதுக்குள்ளதான் இருக்குதா?"

"ஆமா."

"எத்தன பேரு?"

"அறுநூத்தி சொச்சம்."

"ஒரு தடவ எழுதுனா அத்தன பேருக்கும் போவுமா?"

"போவும்."

"அப்ப எழுது. நான் சொல்றேன்."

ராசாங்கம் அண்ணன் எழுந்து வந்தார். "அது சிமென்ட் விஷயம் பேசுற எடம்ணே. வீட்டு விஷயமெல்லாம் அதுல போடக் கூடாது. சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும்" என்றார் அப்பா. "தப்புப் பண்ணவன் சபையில சொல்லணும். எம் பொண்ணுக்குத் தெரிஞ்ச சபை இதான்."

அவர் நின்றபடியே சொன்னார். ஊர்க் கூட்டத்தில் பேசுகிற மாதிரி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். நான் இங்கிலீஷில் அடித்துக்கொண்டு போனேன்.

"எல்லாருக்கும் வணக்கம். நான் செட்டிகுளத்துல வெங்காயம் போடுறவன். எனக்கு இங்கிலீசு தெரியாது, நான் சொல்றத எம் மகதான் எழுதுறா. நீங்க இத்தன நாளா சாரு சாருன்னு கூப்புட்டது அவளத்தான். கர்நூல் ராவ் சாரு அவளுக்குன்னு ஒரு வேல வெச்சிருந்தாரு. அத நான் தங்கச்சி மவனுக்குச் சீரா குடுக்கப் பாத்தேன். அது எம் பொருள் இல்ல. அதக் குடுக்க எனக்குப் பாத்தியதயும் இல்ல. நான் பண்ணதுல அந்த வேலையும் போச்சு. இது என் தப்பு, அவ தப்பு ஒண்ணும் இல்ல."

அந்தக் கடைசி வாக்கியத்தில் என் கை நின்றது. "என் தப்பும் இருக்குப்பா. நான் நேரத்துக்கு அனுப்பல."

"அத நீ தனியா எழுதிக்க. இது என் லெட்டரு."

மேலே சொன்னார். "ஒங்கள்ல யாரு லேபுலயாவது எடம் காலியாச்சுன்னா எம் பொண்ண நெனச்சுக்குங்க. அவகிட்டயே சொல்லுங்க, என்கிட்ட சொல்ல வேணாம். எந்த ஊரா இருந்தாலும் நானே கொண்டாந்து விடுறேன்."

சீர் என்பதற்கு இங்கிலீஷில் என்ன போடுவது என்று தெரியாமல், தாய்மாமன் தர வேண்டிய பரிசு என்று எழுதினேன். படித்துப் பார்த்தேன். இது போனால் ஐந்து மாதமாக எனக்கு இருந்த மிஸ்டர் போய்விடும். என்னோடு சரிக்குச் சரி வாதம் செய்தவர்கள் எல்லாம் இனி எப்படிப் பேசுவார்களோ என்று பயமாக இருந்தது. விருதுநகர்ப் பக்கத்து ஆலை ஒன்றிலிருந்து ஒரு அம்மாள் இதைப் படித்துவிட்டு எனக்கு எழுதப்போகிறாள் என்பதோ, அவள் லேபிலும் விளம்பரம் இல்லாமல் ஒரு இடம் காலியாக இருந்தது என்பதோ, வைகாசியில் அப்பாவே என் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு அந்த ஆலையின் கேட் வரைக்கும் வரப்போகிறார் என்பதோ அப்போது எங்கள் யாருக்கும் தெரியாது. அத்தை மூன்று மாதம் எங்களோடு பேசப்போவதில்லை என்பது மட்டும் நன்றாகத் தெரிந்தது.

"முடிஞ்சுதாப்பா?"

"முடிஞ்சுது."

"கீழ பேரு போடணும். மெயில் உங்களுது, அதனால உங்க பேருதான். வீ. அழகேசன், செட்டிகுளம்னு போட்டுடவா?"

அப்பா கொஞ்ச நேரம் ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அதில் ஒரு எழுத்தும் தெரியாது.

"அழகேசன்னா அங்க யாருக்கும்மா தெரியும்?" என்றார். "உண்ணாமலையோட அப்பான்னு போடு."

அப்படியே அடித்தேன். அதற்கு மேல் எனக்கு ஸ்கிரீன் தெரியவில்லை. ஜெயசீலன்தான் குனிந்து, மவுஸை நகர்த்தி, அனுப்பினான்.